முதல் வெள்ளி வரிசை

கள்ளக்குறிச்சி
12.1.1985

செல்லமுத்து,

இது உனக்கு நான் எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டேன், அதனால் உன் கணக்குக்கு இதுதான் முதல். 'அன்புள்ள' என்று ஆரம்பித்தால் சிரிப்பாய், 'நண்பா' என்று ஆரம்பித்தால் கோபப்படுவாய். எதற்கு வம்பு என்று பேரை மட்டும் போட்டிருக்கிறேன்.

பள்ளி ஆண்டு மலருக்கு நான் இரண்டு பக்கம் எழுத வேண்டுமாம். 'மாணவர் தலைவரின் பார்வையில் இந்த ஆண்டு'. போன வருஷத் தலைவன் எழுதியதை எடுத்துப் பார்த்தேன். ஜூனில் தேர்தல், ஆகஸ்டில் கொடியேற்றம், கபடியில் இரண்டாம் இடம், டிசம்பரில் குடில், கடைசியில் எல்லோருக்கும் நன்றி. தேதியை மாற்றி இதையே எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஜூன் வந்தது, ஆகஸ்ட் வந்தது, டிசம்பருக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. டிசம்பரில் என்ன நடந்தது என்று எனக்கே தெரியவில்லை.

எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து.

டிசம்பர் ஏழு, முதல் வெள்ளி. கிறிஸ்தவப் பையன்கள் பாவசங்கீர்த்தனத்துக்காகக் கோயில் வாசலில் நிற்கிறார்கள். ஒவ்வொருவனாக உள்ளே போய், அந்தக் கம்பி ஜன்னல் பக்கத்தில் முட்டி போட்டு, செய்த தப்பையெல்லாம் நம் தலைமை ஆசிரியர் ஃபாதரிடம் சொல்லிவிட்டு வருவான். வரிசையில் சத்தம் வராமல் பார்த்துக்கொள்வது தலைவன் வேலை. தலைவன் முஸ்லிமாக இருந்தாலும் அவன் வேலைதான். எனக்கோ ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பார்த்தால் நடுவில் நீ நிற்கிறாய். நீ உங்கள் மலைச்சாமி கரியராமரைக் கும்பிடுகிறவன், உனக்கு அங்கே என்ன வேலை? பொருளாதார வகுப்புக்கு டிமிக்கி கொடுக்கிறாய் என்று நினைத்தேன்.

"இன்னாடா இங்க நிக்கிற?" என்றேன்.

"ஃபாதராண்ட ஒன்னு சொல்லணும்."

"அதுக்கு ஆபீஸ் இருக்குது. இது ஒங்க வரிசை இல்ல."

கையைப் பிடித்து இழுத்து வெளியே விட்டேன். ஒழுங்கு நோட்டிலும் எழுதினேன்: 'செல்லமுத்து, 12-பி. தனக்கு உரிமையில்லாத வரிசையில் நின்றான்.'

பதினைந்தாம் தேதி குடில் கட்ட ஆரம்பித்தபோது பாலன் இயேசு சுரூபத்தைக் காணோம். ஹாஸ்டலெல்லாம் தேடினார்கள். உன் ட்ரங்குப் பெட்டியில், பழைய வேட்டியில் சுற்றி, மூன்று துண்டாக இருந்தது. தலைமை ஆசிரியர் ஃபாதர் ஞானாதிக்கம் எத்தனை தடவை கேட்டும் நீ வாயைத் திறக்கவில்லை. 'மன்னிப்புக் கடிதம் எழுதி, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா, அதுவரைக்கும் வகுப்பு இல்லை' என்றார். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெள்ளிமலை பஸ் ஏறினாய். இன்று வரைக்கும் திரும்பி வரவில்லை.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை ஃபாதரிடம் என்ன சொல்வதாக இருந்தாய்?

ஹால் டிக்கெட் பிப்ரவரி கடைசியில் தருவார்கள். நம் குரூப்புக்கு பிராக்டிகல் இல்லை, அதனால் உனக்கு இன்னும் எதுவும் கெட்டுப்போகவில்லை. உங்கள் ஊரிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் வந்தவன் நீ ஒருவன்தான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து உட்காரேன்.

சாதுல்லா


கரியாலூர் அஞ்சல்
27.1.1985

மாணவர் தலைவர் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. தபால்காரர் எங்கள் பக்கம் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். பொங்கல் வாரம் அதுவும் இல்லை.

வரிசையாக எழுதியிருக்கிறாய். வரிசை உனக்கு நன்றாக வரும்.

நான் சுகமாக இருக்கிறேன். கடுக்காய்ப் பருவம். விடிந்ததும் அப்பாவோடு போகிறேன், பொழுது சாய்ந்தால் வருகிறேன். அப்பா எதுவும் கேட்பதில்லை. அம்மாதான் தினம் ஒரு தடவை கேட்கிறாள், "இஸ்கூல்ல இன்னா சொல்லி அனுப்புனாங்க" என்று. லீவு என்கிறேன். "இம்மாம் பெரிய லீவா" என்கிறாள்.

மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நான் உடைத்தேன் என்று எழுதினால் பொய். நான் உடைக்கவில்லை என்று எழுதினால் பிறகு யார் என்று கேட்பார்கள். இரண்டையும் எழுத முடியவில்லை. காகிதம் அப்படியே இருக்கிறது. அதில்தான் இப்போது உனக்கு எழுதுகிறேன்.

என்ன சொல்ல வந்தேன் என்று கேட்கிறாய். அன்றைக்குக் கேட்டிருக்கலாம்.

நான் ஒன்று கேட்கிறேன். குடில் சாமான் இறக்கிய அன்று மேடைப் பரணிலிருந்து நீ எத்தனை மூட்டை எறிந்தாய்? ஞாபகம் இருந்தால் எழுது. இல்லையென்றால் விட்டுவிடு.

செல்லமுத்து


கள்ளக்குறிச்சி
3.2.1985

செல்லமுத்து,

நான் ஒன்று கேட்டால் நீ ஒன்று கேட்கிறாய். நான்கு மூட்டை. வைக்கோலும் கிழிந்த சாக்கும். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொள்கிறேன். விடுகதை போடாதே, நேராக எழுது.

உடைக்கவில்லை என்கிறாய். நம்புகிறேன். ஆனால் உன் பெட்டியில் அது எப்படி வந்தது? நீ உடைக்கவில்லை, யார் என்று தெரியும், சொல்ல மாட்டாய். இதில் எதற்கு இவ்வளவு வீம்பு?

நானும் ஒன்றை மறைத்துவிட்டேன், அதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பெட்டியில் துண்டுகள் கிடைத்தபோது ஃபாதர் முதலில் நம்பவேயில்லை. வேறு யாராவது கொண்டுபோய் வைத்திருப்பார்கள் என்றார். நான்தான் ஒழுங்கு நோட்டைத் திறந்து காட்டினேன். 'அன்றைக்கே உங்களிடம் சொல்ல வந்து வரிசையில் நின்றான் ஃபாதர்' என்றேன். அவர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். பிறகுதான் உன்னைக் கூப்பிட்டார்.

ஒப்புக்கொள்ள வந்தவன் என்று தெரிந்தால் அவர் கோபம் தணியும், உனக்கு நல்லதுதானே என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது முழுக்க உண்மையா என்று கேட்டால் தெரியவில்லை. என் நோட்டு சரியாக இருந்தது என்று ஒரு சந்தோஷமும் அப்போது இருந்தது. அதை இங்கே எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

கிறிஸ்துமஸ் விழாவில் குடில் வெறுமையாக இருந்தது. பாலன் இருக்க வேண்டிய தொட்டியில் காலண்டர் படத்தைக் கத்தரித்து வைத்தார்கள். நான் மைக்கில் வரவேற்புரை படித்தேன். கை தட்டினார்கள்.

அந்த இரண்டு பக்கம் இன்னும் எழுதவில்லை.

சாதுல்லா


கரியாலூர் அஞ்சல்
12.2.1985

சாதுல்லா,

நோட்டைக் காட்டியது நீதான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ஃபாதர் மேசையில் திறந்தபடி கிடந்தது. உன் கையெழுத்து தெரியாதா எனக்கு. நீயாகச் சொல்லுகிறாயா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டாய், அதனால் நானும் சொல்கிறேன்.

நான்கு மூட்டையில் மூன்றை நான் கீழே நின்று கையில் வாங்கினேன். நான்காவதை நீ எறிந்தபோது மூங்கில் தப்பையை ஓரமாக வைக்கத் திரும்பியிருந்தேன். "புடிடா" என்றாய். சொல்லிவிட்டு எறிந்தாயா, எறிந்துவிட்டுச் சொன்னாயா என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. மூட்டை சிமெண்டுத் தரையில் விழுந்தது. வைக்கோல் விழுகிற சத்தம் எனக்குத் தெரியும். இது அந்தச் சத்தம் இல்லை. நீ மேலேயிருந்து "இன்னாடா, தூங்கிக்கினு கீறியா" என்று சிரித்தாய். இறங்கி, மணி அடிக்க ஓடிவிட்டாய்.

பிரித்துப் பார்த்தேன். போன வருஷம் யாரோ சுரூபத்தைப் பெட்டியில் வைக்காமல் வைக்கோலுக்குள் செருகியிருக்கிறார்கள். தலை தனி, கை தனி.

இரண்டு நாள் உன் பின்னாலேயே வந்தேன். நீ நோட்டும் கையுமாகப் போய்க்கொண்டே இருந்தாய். அப்புறம் யோசித்தேன். உன்னிடம் சொன்னால் நேராக ஃபாதரிடம் ஓடுவாய். உன் குணம் அது. நான் உடைத்தால் மலைக்காரப் பையன், கை முரடு என்று நாலு நாள் பேசுவார்கள். நீ உடைத்தால் பேச்சே வேறு. ஜூனில் நீ ஜெயித்த அன்று ஆசிரியர் அறை வாசலில் ஒருவர் சொன்னார், "பாய் வூட்டுப் பையனா நம்ம கோயில் வரிசைய பாத்துக்கப் போறான்" என்று. என் காதில் விழுந்தது. உன்னிடம் சொல்லவில்லை. நீ அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தாய்.

பிசின் வைத்து ஒட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. என் ட்ரங்குப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

அந்த ஜன்னலில் சொன்னதை ஃபாதர் சாகிற வரைக்கும் வெளியே விடமாட்டாராம். ஹாஸ்டல் பையன்கள் சொல்வார்கள். அதனால் அங்கே போய், 'சுரூபம் உடைந்துவிட்டது, யார் என்று கேட்காதீர்கள், பண்டிகைக்குள் வேறு வாங்கிவிடுங்கள்' என்று சொல்லிவிடலாம் என்று நின்றேன். ஃபாதருக்கும் தெரிந்துவிடும், ஊருக்கும் தெரியாது. எனக்கு முன்னால் நான்கு பேர்தான் பாக்கி. அப்போதுதான் நீ வந்து கையைப் பிடித்தாய்.

மூட்டையை எறிந்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. ஏன் நிற்கிறாய் என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்காமல் எழுதினாயே, அதற்குத்தான்.

இதை யாரிடமும் சொல்லாதே. சொன்னால் நான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது வீணாகிவிடும்.

செல்லமுத்து


கள்ளக்குறிச்சி
17.2.1985

செல்லமுத்து,

உன்னை யார் கேட்டது?

கடிதத்தை ஐந்து தடவை படித்துவிட்டேன். நான்காவது மூட்டை மற்றதைவிடக் கொஞ்சம் கனமாக இருந்ததா என்று யோசிக்கிறேன். இருந்தது என்று ஒரு நேரம் தோன்றுகிறது, இல்லை என்று ஒரு நேரம் தோன்றுகிறது. இப்போது எனக்கு என் கையே ஞாபகமில்லை.

ஊர் என்னைப் பேசக்கூடாது என்று நீயாக முடிவு பண்ணி, உன் படிப்பைத் தூக்கிப் போட்டிருக்கிறாய். நான் நன்றி சொல்ல வேண்டுமா, சட்டையைப் பிடித்துச் சண்டை போட வேண்டுமா? இரண்டும் தோன்றுகிறது. இத்தனை மாசம் நான் பேட்ஜைக் குத்திக்கொண்டு அசெம்பிளியில் நின்றிருக்கிறேன்.

சொல்லாதே என்கிறாய். சொன்னால் உன் பேச்சை மீறினவன் ஆகிறேன். சொல்லாவிட்டால் உன் ஹால் டிக்கெட் போகிறது. எதைச் செய்தாலும் உனக்குத் துரோகம் செய்கிற மாதிரி வைத்துவிட்டாயே.

நாளைக்கு மேலே எழுதுகிறேன். இப்போது முடியவில்லை.

சாதுல்லா


கள்ளக்குறிச்சி
24.2.1985

செல்லமுத்து,

இதை வெள்ளிமலை பஸ் கண்டக்டர் ராஜாங்கத்திடம் கொடுத்தனுப்புகிறேன். தபாலை நம்பினால் தேதி போய்விடும். முழுக்கப் படி, பாதியில் கிழிக்காதே.

விபூதிப் புதன் முடிந்து, தவக்காலத்து முதல் வெள்ளிக்கிழமை, அதாவது முந்தாநாள், மறுபடியும் வரிசை. நான் வழக்கம்போல ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நோட்டை வராந்தாத் திண்டில் வைத்துவிட்டுக் கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றேன். பையன்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் போடாதே என்று சொல்ல ஆளில்லாததால் நன்றாகவே சத்தம் போட்டார்கள்.

ஏன் நின்றேன் என்றால், உன் யோசனை எனக்கும் பிடித்திருந்தது. அங்கே சொன்னால் வெளியே போகாது, நீ கேட்டதும் நடக்கும், ஃபாதர் உன்னையும் கூப்பிட்டுக்கொள்வார். இரண்டு பக்கமும் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

முட்டி போட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வாயில் ஸலாம்தான் வந்தது, பாதியில் நிறுத்திவிட்டேன்.

"சாதுல்லாவா?" என்றார் ஃபாதர்.

"ஆமாங்க ஃபாதர்."

"இங்க எதையும் சொல்லிடாதப்பா. இங்க சொன்னதை வச்சி நான் ஒருத்தரையும் கூப்பிட முடியாது, ஒரு கடிதம் எழுத முடியாது, ஒன்னும் செய்ய முடியாது. எழுந்து ஆபீசுக்கு வா."

புரிகிறதா உனக்கு? அன்றைக்கு நான் உன்னை இழுக்காமல் விட்டிருந்தால், நீ அங்கே சொல்லியிருந்தால், அவர் கையைக் கட்டிப்போட்ட மாதிரி ஆகியிருக்கும். ஆபீஸ் இருக்கிறது என்று நான் உன்னிடம் சொன்னதையே அவர் என்னிடம் சொல்கிறார். அப்படியானால் நான் இழுத்தது நல்லதா, கெட்டதா? இரண்டு நாளாக யோசிக்கிறேன், பிடிபடவில்லை. உனக்குப் பிடிபட்டால் சொல்.

ஆபீசில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூட்டை, பிசின், யாரிடமும் சொல்லாதே என்று நீ எழுதியது, எல்லாம். ஆசிரியர் அறை வாசலில் நீ கேட்ட பேச்சையும் சொன்னேன். யார் என்று அவர் கேட்கவில்லை, முகம் மட்டும் சிவந்தது. மேசை இழுப்பறையைத் திறந்து அந்த மூன்று துண்டையும் எடுத்துப் பார்த்தார். "நானும் நோட்டத்தானே படிச்சேன்" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

மன்னிப்புக் கடிதம் வேண்டாம். அப்பாவும் வர வேண்டாம். ஹால் டிக்கெட் அவர் மேசையில் இருக்கிறது. மார்ச் ஆறாம் தேதி புதன்கிழமை வரைக்கும் வைத்திருப்பாராம், அதற்குப் பிறகு மிச்சத்தைத் திருப்பி அனுப்பியாக வேண்டுமாம். நீ கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். அது ஒன்றைத்தான் உனக்காக யாரும் செய்ய முடியாது.

பேட்ஜைக் கழற்றி அவர் மேசையில் வைத்தேன். எடுத்துக்கொள் என்றும் சொல்லவில்லை, வைத்துவிட்டுப் போ என்றும் சொல்லவில்லை. அது இன்னும் அங்கேயே கிடக்கிறது. நான் தலைவனா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. சாயங்கால மணியை நான்தான் அடித்தேன்.

வீட்டிலும் சொன்னேன். எங்கள் அத்தாவை உனக்குத் தெரியும், இரும்புக்கடை ஹயாத் பாஷா கத்தினால் கடைத்தெரு கடைசி வரைக்கும் கேட்கும். அன்றைக்குக் கத்தவில்லை. "ஒரு பையன் ஒனக்கோசரம் ரெண்டு மாசமா வூட்ல குந்திக்கினு கீறான், நீ இங்க மணி அடிச்சிக்கினு இருந்தியா" என்று மட்டும் கேட்டார். நேற்றுக் காலை கடையைத் திறக்காமல் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறிவிட்டார். சாயங்காலம் புது சுரூபத்தோடு வந்தார். பேப்பர் சுற்றி, வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். பக்கத்து சீட்டுக்காரர் "கொழந்தையா பாய்?" என்று கேட்டாராம். "ஆமாங்க" என்றாராம் அத்தா.

எங்கள் வீட்டில் அதை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா அரிசி டின் மேல் வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஒரு துண்டை எடுத்துப் போர்த்திவிட்டாள். நாளைக்குப் பள்ளியில் கொடுக்கப் போகிறோம். டிசம்பருக்கு வாங்க வேண்டியது பிப்ரவரியில் வந்திருக்கிறது.

ஒழுங்கு நோட்டில் உன் பேரை அடித்துவிடலாம் என்று எடுத்தேன். அடிக்க மனம் வரவில்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினேன். 'சாதுல்லா, 12-பி. தனக்கு உரிமையில்லாத வரிசையில் நின்றான். 22.2.85.'

உன் பேச்சை மீறிவிட்டேன். திட்டு. வந்து திட்டு.

சாதுல்லா


கரியாலூர் அஞ்சல்
28.2.1985

சாதுல்லா,

ராஜாங்கம் அண்ணன் பஸ்ஸை நிறுத்தி, இறங்கி வந்து, கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவரையும் நீ மிரட்டியிருப்பாய். இதையும் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

படித்தேன். கிழிக்கவில்லை. கோபம் வந்தது. நான் பொத்தி வைத்திருந்ததை எடுத்து நீ மேசையில் வைத்துவிட்டாய். இதுவரைக்கும் நான் எதற்காகக் காட்டில் குனிந்து கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இப்போது வெறும் கடுக்காய்தான். இரண்டு மாசமாக ஒரு பெரிய காரியம் செய்துகொண்டிருக்கிற மாதிரி இருந்தேன். நீ உடைத்தது வெளியே தெரிந்தும் வானம் இடிந்து விழவில்லை என்கிறாய். அப்படியானால் நான் இருந்தது எதற்கு? யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

நீ இழுத்தது நல்லதா கெட்டதா என்று கேட்டிருக்கிறாய். எனக்கும் பிடிபடவில்லை. இழுத்த இடம் இரண்டு நாள் வலித்தது, அது மட்டும் தெரியும்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்த பாய், புள்ள பொம்மைய மடியில வச்சிக்கினா வந்தாரு?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு எழுந்து போய் என் பள்ளிக்கூடச் சட்டையைத் துவைத்துப் போட்டுவிட்டாள். போ என்று சொல்லவில்லை. சட்டை காய்கிறது.

ஆண்டு மலரில் டிசம்பருக்கு என்ன எழுதப் போகிறாய்? குடில் கட்டினோம் என்று எழுது. கட்டினோம்தானே. என் பேரைப் போடாதே. நோட்டில் இருப்பது போதும். அந்த இரண்டு வரியையும் நான் கண்ணால் பார்க்க வேண்டும், அடித்துவிடாதே. பரீட்சை எழுதுவேனா, எழுதினாலும் தேறுவேனா என்பதெல்லாம் அப்புறம்.

செவ்வாய்க்கிழமை கடுக்காய் லாரி இறங்குகிறது. நான் மூட்டைமேல் உட்கார்ந்து வருவேன். லாரி உங்கள் கடைத்தெருவில்தான் நிற்கும். சரக்கு இறக்க ஆள் பற்றாது. பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கே வா. நான் மேலேயிருந்து எறிகிறேன், நீ கீழே நின்று வாங்கு.

நீ கையை நீட்டின பிறகுதான் எறிவேன்.

செல்லமுத்து